தலைமைக் குடம்

தேவானையின் பித்தளைக் குடத்தைச் சர்க்கார் மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனது எழுபத்தாறாம் வருஷத்துக் கோடையில். குடம் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டது என்று யாரும் கேட்க வேண்டாம். குற்றம் செய்தவர்களைப் பிடிக்க நாட்டில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. இது அது இல்லை.

அடையாற்றங்கரையில், ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய வீடுகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது அவள் குடிசை. அங்கிருந்த குடிசைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கார்ப்பரேஷன் ஒரே ஒரு குழாய் போட்டிருந்தது. விடியும்போது தண்ணீர் வரும், வெயில் ஏறினால் நின்றுவிடும். சில நாள் வெறும் காற்று வந்து சீறிவிட்டுப் போகும். இருட்டு விலகும் முன்பே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நிற்பார்கள் என்றால், நிற்பது அவர்கள் இல்லை, குடம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போவார்கள், பெரிய வீடுகளுக்கு வாசல் தெளிக்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தை வீட்டில் விட்டு வந்தவள் ஒரு செங்கல்லை வைப்பாள். செங்கல் கிடைக்காதவள் தேய்ந்த துடைப்பத்தைக் கிடத்துவாள். அந்தத் துடைப்பத்தைத் தாண்டி ஒருத்தி தன் குடத்தை வைத்துவிட்டால் அன்றைக்கு அவள் பரம்பரையே தெருவுக்கு வரும். இந்த ஏற்பாட்டை எந்தச் சட்டசபையும் நிறைவேற்றவில்லை. அதனாலேயோ என்னவோ, ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

தில்லியில் அவசரநிலை போட்டார்கள். சில மாதம் கழித்து இங்கே இருந்த ஆட்சியையும் கலைத்தார்கள். நாட்டுக்கு ஆபத்து என்று ரேடியோ சொன்னது. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனதில், ஆபத்து உண்மைதான் என்று ஜனங்களுக்கும் நம்பிக்கை வந்தது. தி. நகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் 'ஒழுங்கு நிலைநாட்டல் சிறப்பு அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். அதற்குச் சிறப்பு அலுவலராக மாணிக்கவாசகம் வந்து உட்கார்ந்தார். வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, அலுவலகத்துக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வருகிறவனும் சஸ்பெண்ட் என்பது. எல்லோரும் மணி அடித்தாற்போல் வந்தார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்று அவர் உத்தரவு போடவில்லையாதலால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது உத்தரவு, பொது இடத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது.

அந்த உத்தரவைக் குழாயடிக்குக் கொண்டுவந்தவர் இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம். தடியால் குழாயைத் தட்டி, அஞ்சு பேருக்கு மேல் ஒருத்தி நின்றாலும் உள்ளே வைத்துவிடுவேன் என்றார். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். குடங்களை அப்படியே விட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். குழாயடியில் ஈ காக்கை இல்லை. சுயம்புலிங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. குழாயடிச் சண்டை அடியோடு ஒழிக்கப்பட்டதாக மேலே எழுதினார். அதைப் பார்த்து மகிழ்ந்த மாணிக்கவாசகம், நேரில் காண ஜீப் எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் கண்டது ஆள் இல்லாத தெருவும், அதில் ஆடாமல் அசையாமல் நின்ற குடங்களின் நீண்ட வரிசையும். யாருடையவை என்று கேட்டார். சுயம்புலிங்கம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வட்டாரத்து வழக்கம் தனக்கு அத்துப்படி என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "குடம் நின்னா ஆள் நின்ன மாதிரிங்க ஐயா. அதான் இவங்க கணக்கு" என்றார்.

மாணிக்கவாசகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார்.

"அப்படியானால் இங்கே இப்போது கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது" என்றார். "ஆட்கள் கூடினால் தடியால் கலைக்கலாம். ஆட்களே வராமல் கூடுகிறார்கள் என்றால் இது எவ்வளவு பெரிய ஏற்பாடு, யோசித்தீர்களா இன்ஸ்பெக்டர்?"

சுயம்புலிங்கம் அதுவரை யோசித்ததில்லை. யோசிப்பதற்காக அவரை யாரும் வேலைக்கு எடுக்கவுமில்லை. வேன் வந்தது. குடம், செங்கல், துடைப்பம் எல்லாம் ஏற்றப்பட்டன. அன்று சாயங்காலமே மற்றவற்றை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வரிசையில் முதலாக நின்ற குடத்தை மட்டும் விடவில்லை. முதலில் நிற்பதுதான் தலைவன் என்பது மாணிக்கவாசகத்தின் சித்தாந்தம்.

முதலில் நின்றது தேவானையின் குடம். அவள் மகள் புஷ்பத்துக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. பிள்ளைத் துணி அலசவும், தாய்க்குக் கஞ்சி வைக்கவும், குழந்தையைக் குளிப்பாட்டவும் தண்ணீர் தண்ணீர் என்று வீடு பறந்தது. மருமகன் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் வேன் மார்க்கெட்டையும் குடிசைப் பக்கத்தையும் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. அதனால் எல்லோருக்கும் முன்னால் தேவானைதான் குடத்தோடு வந்து நின்றாள். தலைவியாகும் எண்ணம் அவளுக்கும் இல்லை, குடத்துக்கும் இல்லை.

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள். சுயம்புலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இப்போது அது தன் கையில் இல்லை, எங்கே இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது என்றார்.

"அது இன்னா சார் பண்ச்சி? அத்தையாவது சொல்லு" என்றாள் தேவானை.

"பண்ணின பெறவு புடிக்கிறது பழைய சட்டம்மா. பண்றதுக்கு முந்தியே புடிக்கிறதுதான் இப்ப. அது ஒண்ணும் பண்ணல. பண்ணிருந்தா கோர்ட்டுக்குப் போயி ஜாமீன்ல வந்திருக்கும். பண்ணாததாலதான் வெளிய விட வழியில்ல."

இதைச் சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. உடனே அவளைப் போகச் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் குடிசை ஹாஜிரா பீ தன் குடத்திலிருந்து கால் குடம் ஊற்றிக் கொடுத்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு சொம்பு கொடுத்தார்கள். எல்லார் வீட்டிலும் பற்றாக்குறைதான். பிச்சை வாங்கிப் பிள்ளை குளிப்பாட்ட எத்தனை நாள் முடியும். தேவானை ஒரு மண்குடம் வாங்கி வரிசையில் வைத்தாள். குழாயடியில் காவலுக்குப் போட்டிருந்த போலீஸ்காரன் அது யாருடையது என்று கேட்டான். தலைமைக் குடத்தின் சொந்தக்காரி வைத்தது என்று தெரிந்ததும், தடை செய்த இயக்கம் வேறு பெயரில் மறுபடி தலையெடுக்கிறது என்று சொல்லி, பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டான். மண்குடத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அதன் பிறகுதான் தி. நகருக்குப் போனாள். வாசலிலேயே தெரிந்துவிட்டது, இங்கே காத்திருப்பதற்குத் தனியாக ஒரு ஜாதி உண்டாகியிருக்கிறது என்று. வாசல் பெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் ஆரோக்கியமேரி. அவள் புருஷன் பொன்ராஜ் பஸ் டிப்போ தொழிற்சங்கத்துக்காரன். ஒருநாள் விடியலில் சட்டை போடக்கூட விடாமல் கூட்டிப் போனார்கள். எந்த ஜெயில் என்று தெரியாது. தேவானை யாருக்காக வந்திருக்கிறாள் என்று ஆரோக்கியமேரி கேட்டாள். குடத்துக்காக என்றாள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

குமாஸ்தா வைரவன் நல்ல மனிதர். அந்த அலுவலகத்தில் நல்ல மனிதராக இருப்பதற்கு என்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்வார். அதாவது, முடியாது என்பதைக் கனிவாகச் சொல்வார். தேவானையிடம், விடுவிக்க முடியாது, ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் மனுப் போட்டால் நேரில் சந்திக்கலாம் என்றார். தன் கல்யாணத்துக்கு ஆத்தா கொடுத்த குடம் அது என்றாள் தேவானை. வைரவன் அதைத் தாய்வழி உறவு என்று எடுத்துக்கொண்டார்.

பார்க்க விட்டார்கள். ஓர் இருட்டு அறையில், நாற்காலிமேல் இருந்தது குடம். கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கியது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரன். அரசியல் பேசக் கூடாது, ஆட்சியைப் பற்றிப் பேசக் கூடாது, அழக் கூடாது என்று விதிகளைச் சொன்னான். தேவானை குடத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"இன்னாம்மா, பேசு" என்றான்.

"குடத்தாண்ட இன்னா நைனா பேசறது?"

"சந்திப்புன்னா பேசணும். பேசாம நின்னா சைகையில தகவல் குடுக்கிறன்னு நான் எழுதணும். நீ பேசிடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது."

தேவானை குடத்தைப் பார்த்து, புளி போட்டு விளக்கி எத்தினி நாளாச்சி, இப்பிடிக் கறுத்துப்போய்க் கெடக்கிறியே என்றாள். போலீஸ்காரன் எச்சில் தொட்டு எழுதிக்கொண்டான். மறுநாளே அது விசாரணைக்கு வந்தது. கறுப்பு என்று அவள் எந்தக் கட்சியின் நிறத்தைச் சொன்னாள் என்று மூன்று அதிகாரிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒருவேளைச் சாப்பாட்டைத் தாமதப்படுத்திக்கொண்டு ஆராய்ந்தது. எத்தனை கேள்வி கேட்டும் குடம் வாய் திறக்கவில்லை, ஒத்துழைக்க மறுக்கிறது என்றும் பதிவாயிற்று.

இவ்வளவும் ஆனபின் மாணிக்கவாசகமே அவளைக் கூப்பிட்டார். மேஜைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் 'வாய் மூடினால் வளம் பெருகும்' என்று ஒரு வாசகம். மின்விசிறிக்குக் கீழே அவர் மட்டும் இருந்தார்.

"அம்மா, எங்களை நீ தவறாக நினைக்கக் கூடாது. சுதந்திரத்தைக் காப்பாற்றத்தான் கொஞ்ச நாளைக்கு அதை வாங்கி வைத்திருக்கிறோம். வெளியே விட்டுவைத்தால் ஜனங்கள் அதை உபயோகித்துத் தேய்த்துவிடுகிறார்கள். நானும் ஜனங்களுக்காகத்தான் வேலை செய்கிறேன். அவர்கள் குறுக்கே வராமல் இருந்தால் இன்னும் வேகமாகச் செய்வேன்."

தேவானைக்கு இதில் குடம் எங்கே வருகிறது என்று புரியவில்லை. அது அடுத்து வந்தது. அவள் வீட்டில் ஒரு பிரசவம் ஆகியிருப்பதாகத் தகவல் என்றார். எத்தனையாவது குழந்தை என்று கேட்டார். முதல் குழந்தை, பொம்பளப் புள்ள என்றாள். மாணிக்கவாசகம் முகம் மலர்ந்தது. மாதக் கடைசியில் சைதாப்பேட்டையில் ஒரு முகாம் நடக்கிறது, இந்த அலுவலகத்துக்குக் கொடுத்த இலக்கில் இன்னும் ஆள் குறைகிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மகளைக் கூட்டி வந்து ஆபரேஷன் செய்துவிட்டால் அன்றே குடத்தை விட்டுவிடலாம். கூடவே ஒரு பிளாஸ்டிக் வாளியும் தரப்படும்.

"ஒன்றோடு நிறுத்திக்கொள்வது முன்மாதிரி. பத்திரிகையில் படம் வரும்" என்றார்.

இத்தனை நாளும் தேவானை குடத்துக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தாள். புஷ்பத்துக்கு இன்னும் பச்சை உடம்பு. பத்தொன்பது வயசு. அந்த வயிற்றுக்கு இவர்கள் ஒரு வாளியைத் தூக்கிப் பதில் வைக்கிறார்கள்.

"எம் பொண்ணு வயிறு இன்னா, உன் ஆபீசு பீரோவா சார்? பூட்டிட்டு சாவிய நீ எட்த்துகினு போறதுக்கு? குடத்த நீயே வச்சிக்க" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

குடத்தின் உறவினர் ஒத்துழைக்காததால் காவல் நீட்டிக்கப்பட்டது. தேவானை ராவெல்லாம் புஷ்பத்தின் பாய்க்குக் குறுக்கே படுத்தாள். தெருவில் வேன் சத்தம் கேட்டால் மகளையும் குழந்தையையும் ஹாஜிரா பீயின் குடிசைக்குள் தள்ளிவிட்டுக் கதவோரம் நிற்பாள். தண்ணீர் போதவில்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு கொப்பளித்துச் சீழ் வைத்தது. அலசாத துணியில் கிடந்து அது கத்துவது பெரிய வீடுகள் வரை கேட்டிருக்கும். கேட்டதற்கு அடையாளம் இல்லை.

குடத்தைக் கடைசியில் காப்பாற்றியது நீதியல்ல, தில்லி. காவலில் இருப்பவர்களின் விவரத்தைச் சரிபார்க்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வைரவன் விவரங்களை நிரப்ப உட்கார்ந்தார். பெயர் குடம். தொழில் தண்ணீர் சுமத்தல். தகப்பன் பெயர் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து 'கும்பகோணம்' என்று எழுதினார். அதைப் பார்த்த மாணிக்கவாசகத்துக்கு முதல்முறையாக வேர்த்தது. தில்லிக்காரன் சிரித்துவிட்டால் தன் பதவி உயர்வு போய்விடும் என்று அவருக்குப் பட்டது. அரைமணியில் உத்தரவு தயாராயிற்று. தேவானையை வரவழைத்து வைரவன் உரக்கப் படித்தார்.

"மேற்படி குடம் உயிரற்ற பொருள் என்பதாலும், உயிரற்ற பொருளால் கூடவோ பேசவோ சிந்திக்கவோ இயலாது என்பதாலும், அதனால் அரசுக்கு ஆபத்து இல்லை என்பதாலும், விடுவிக்கப்படுகிறது. இந்த உத்தரவு எல்லாக் குடங்களுக்கும் பொருந்தும்."

பெஞ்சில் இருந்த ஆரோக்கியமேரி எழுந்து வந்தாள். "அய்யா, உசுரு இல்லாததாலதான் வுடுறீங்களா? எம் புருசனுக்கும் உசுரு போய்ட்டா வுட்ருவீங்களா?"

வைரவன் நல்ல மனிதர் என்று சொன்னேனே. அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து, அப்படி நேர்ந்தால் உடலை உறவினரிடம் ஒப்படைக்க விதி இருக்கிறது என்று கனிவாகச் சொன்னார்.

தேவானை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை வாங்கியதற்கே கூச்சமாக இருந்தது. ஆரோக்கியமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரோக்கியமேரிதான், புள்ள வெயிட் பண்ணுது, நீ போக்கா என்று அனுப்பிவைத்தாள்.

குழாயடிக்கு வந்தால் குழாய் இல்லை. அதே நாளில் மாணிக்கவாசகம் இன்னோர் உத்தரவும் போட்டிருந்தார். கூட்டம் ஏன் கூடுகிறது என்று ஆராய்ந்ததில் காரணம் குழாய் என்று தெரிந்ததாம். காரணத்தை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மொட்டைக் குழாயில் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கியிருந்தார்கள். சுயம்புலிங்கம் நின்று பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சீக்கிரமே எல்லோரையும் கொட்டிவாக்கம் பக்கம் கொண்டுபோய் விடுவார்களாம், அங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, கடலே இருக்கிறதாம்.

பெண்கள் கலைந்தார்கள். தேவானை மட்டும் அந்தக் குழாய் மண்ணுக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அது நேராகப் பெரிய வீடுகளின் பக்கம் போயிற்று. அதில் முதல் வீடு மாணிக்கவாசகத்தினுடையது. வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ரப்பர் குழாயில் சாயங்காலம்தோறும் தண்ணீர் பீச்சுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் விடியும்போது மாணிக்கவாசகத்தின் வீட்டு வாசலில் தேவானையின் குடம் நின்றது. அவள் ஒரு யோசனையும் பண்ணவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே குடத்தை வை என்பது அவளுக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு. வைத்துவிட்டு, கூட்டம் கூடக் கூடாது என்பதால் தள்ளிப்போய் வேலிகாத்தான் புதர் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்து ஹாஜிரா பீ தன் குடத்தைப் பின்னால் வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். முன்வாசல் நிறைந்து, வரிசை மதிலைச் சுற்றிப் பின்வாசல் வரை போயிற்று.

தில்லி அதிகாரி வரும் நாள் அது. மாணிக்கவாசகம் வெள்ளை சஃபாரி போட்டு, விபூதி பூசி, கதவைத் திறந்து வெளியே வந்தார். எதிரே காலிக் குடம். ஒன்றல்ல, கண்ணுக்கெட்டும் வரை காலிக் குடம். வெளியே வைத்த காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் மனைவி மீனாட்சியம்மாள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். மறுபடியும் காலிக் குடம். பின்வாசலைத் திறந்தார். அங்கேயும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. திரும்பி வந்து இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்தார். இப்படியே அவர் குடித்த தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் அது ஒரு குளியல் குளித்திருக்கும்.

அழைத்துப்போக வந்த சுயம்புலிங்கத்திடம், இவற்றை வேனில் ஏற்றுங்கள் என்றார். சுயம்புலிங்கம் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"ஐயாவோட நேத்து உத்தரவு ஸ்டேஷன்ல ஒட்டிருக்குதுங்க. குடம் உயிரில்லாத பொருள், கைது பண்ணக் கூடாதுன்னு. எல்லாக் குடத்துக்கும் பொருந்தும்னு கடைசில போட்டிருக்கீங்க. நான் மீறினா என்னைய சஸ்பெண்ட் பண்ணிருவீங்க."

"அப்படியானால் நகர்த்தியாவது வையுங்கள்."

"எங்க நகர்த்தினாலும் காலிக் குடம் காலிக் குடம்தானுங்களே ஐயா."

கடிகாரம் ஓடியது. ஒரு நிமிஷம் தாமதமானால் சஸ்பெண்ட். தில்லிக்காரன் கண்முன்னால் தன் உத்தரவே தன்மேல் விழும். காலிக் குடத்தைத் தாண்டிப் போனாலோ, என்ன விழும் என்றே தெரியாது. ஊர் முழுவதையும் பயமுறுத்தி வைத்திருந்த ஆள் இரண்டு பயத்துக்கு நடுவில் நிலைப்படியில் நின்றார்.

"என்னத்த யோசிக்கிய? நெறைகொடம் நல்ல சகுனம்லா. ரொப்பிட்டுப் போங்க" என்றாள் மீனாட்சியம்மாள். அவளே போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்தாள்.

தோட்டக்காரன் இன்னும் வரவில்லை. ஆக, சிறப்பு அலுவலர் மாணிக்கவாசகம் சஃபாரியின் காலை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ரப்பர் குழாயைப் பிடித்து, ஒரு குடம் விடாமல் நிரப்பினார். அவசரத்தில் பாதியாக விட்ட குடத்தை மீனாட்சியம்மாள் காட்டிக் கொடுத்தாள், திரும்பி வந்து அதையும் தளும்ப விட்டார். பின்வாசல் கோடியில் யாரோ இடத்துக்கு வைத்திருந்த துடைப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேலும் கொஞ்சம் பீச்சினார். பிறகு ஈரக் காலோடு ஜீப்பில் தாவினார். அன்று மத்தியானம் அவர் தில்லிக்காரரிடம், ஏழைகளின் வீட்டு வாசலுக்கே குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைத் தாமே நேரில் தொடங்கி வைத்ததாக விளக்கினார் என்று பேச்சு.

பெண்கள் ஐந்து ஐந்து பேராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தேவானை கடைசியில் எடுத்தாள்.

குடிசையில் புஷ்பம் குழந்தையின் மேல் ஒட்டியிருந்த துணியைப் பிய்க்க முடியாமல் பிய்த்துக்கொண்டிருந்தாள். குடத்தைக் கண்டதும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இம்மாம் நல்ல தண்ணி எங்கம்மா கெட்ச்சிது? எல்லாத்தியும் ஒரே நாள்ல ஊத்திட்டா நாளைக்கி இன்னா பண்றது?"

"ஊத்து" என்றாள் தேவானை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "அந்த ஆளு நாளைக்கும் ஆபீசு போவணும்."